கால் நீட்டிப்பு அறுவைக்குப் பின் மறுபடி ஓட வேண்டும்: ரிங்கா, ராடா, இரண்டும் சேர்த்தா?

"எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுபடி ஓட முடியுமா, கபடி ஆட முடியுமா என்று கேட்டால்தான் நேரான பதில் வரவில்லை." கால் நீட்டிப்பு அறுவையை யோசிக்கும் பலரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சிலருக்கு விபத்தில் எலும்பு நொறுங்கி ஒரு கால் குட்டையாகியிருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே வித்தியாசம். உயரத்துக்காக இரண்டு கால்களையும் நீட்டிக்கொள்ள நினைப்பவர்களும் உண்டு. விளையாடுபவர்களுக்கு பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. அதனால் மைதானத்துக்குத் திரும்ப வேண்டிய ஒருவர் எதை எப்படித் தேர்ந்தெடுக்கலாம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கருவி என்பது, அதாவது காலைச் சுற்றி வெளியே மாட்டும் உலோக வளையங்களா (ரிங்), எலும்புக்குள் போடும் உலோகத் தண்டா (ராடு) என்பது முக்கியம்தான். ஆனால் எத்தனை சென்டிமீட்டர், எந்த எலும்பு, நீட்டும் மாதங்களில் மூட்டுகள் மடங்குகின்றனவா என்ற மூன்றும் அதைவிட முக்கியம். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்த மூன்றுக்கும் எது ஒத்துழைக்கும் என்றுதான் பார்க்க வேண்டும்.

## எந்த முறையானாலும் நடப்பது ஒன்றுதான்

சைபீரியாவின் குர்கான் நகரில் 1950களில் கவ்ரீல் இலிசரோவ் வளர்த்தெடுத்த முறைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. எலும்பைக் குறுக்கே வெட்டி, ஒரு வாரம் போல அப்படியே விட்டு, பிறகு நாளைக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வீதம் இரண்டு துண்டையும் விலக்கிக்கொண்டே போவது. அதையும் ஒரேயடியாக விலக்குவதில்லை. கால் மில்லிமீட்டராக நான்கு தடவை. விலகும் இடைவெளியில் புது எலும்பு உருவாகும். 5 செ.மீ. நீட்ட 50 நாள் ஆகும். அந்தப் புது எலும்பு கெட்டிப்பட அதைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ பிடிக்கும்.

எலும்புக்குப் புது எலும்பு கிடைக்கிறது. தசை, நாண், நரம்பு எல்லாம் இழுபடுகின்றன. தசையும் மெல்ல மெல்ல வளர்ந்து ஈடுகொடுக்கும், ஆனால் எலும்பின் வேகத்துக்கு அதனால் ஓட முடியாது. விளையாட்டுத் திறன் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தப் பின்தங்கல்தான்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு வலேரி புரூமெலைச் சொல்வேன். 1963இல் உயரம் தாண்டுதலில் 2.28 மீட்டர் உலக சாதனை, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம். 1965இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் வலது கால் நொறுங்கியது. பல அறுவைகளுக்குப் பிறகும் எலும்பு சேராமல், கால் குட்டையாகி, கடைசியில் 1968இல் இலிசரோவிடம் போனார். எலும்பு சேர்ந்தது, நீளமும் சரிசெய்யப்பட்டது. மறுபடி 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். பழைய 2.28 மட்டும் திரும்பி வரவேயில்லை. சாதாரண மனிதனுக்கு 2 மீட்டர் என்பது நினைத்துப் பார்க்க முடியாத உயரம். உலகத் தரத்தில் ஆடுபவருக்கோ அந்த 20 சென்டிமீட்டரும் சொச்சமும்தான் எல்லாமே. நீங்கள் எந்த மட்டத்தில் விளையாடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே "திரும்புதல்" என்பதற்கு அர்த்தம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, நீட்டும் காலத்தில் முழங்காலும் கணுக்காலும் எவ்வளவு தாராளமாக அசையும் என்பது. அப்போது இறுகிய மூட்டைப் பிறகு இளக்குவது பெரும்பாடு.

இரண்டாவது, காலில் எப்போது முழு எடையை வைக்கலாம். எடை விழாத காலில் தசையும் எலும்பும் கரையும்.

மூன்றாவது, மைதானத்துக்குத் திரும்ப ஆகும் மொத்தக் காலம். ராடை எடுக்கும் இரண்டாவது அறுவையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நான்காவது, தவறினால் எந்த அளவுக்குத் தவறும். தோலில் வரும் சீழ் வேறு, எலும்பு மஜ்ஜைக்குள் போகும் சீழ் வேறு.

ஐந்தாவது செலவு. மருத்துவமனை பில்லோடு அது முடிவதில்லை. பல மாத பிசியோதெரபி, வேலைக்குப் போகாத மாதங்கள், கூட இருந்து பார்த்துக்கொள்பவரின் வருமானம் எல்லாம் அதில் சேரும்.

| | வெளியே ரிங் மட்டும் | ரிங் + உள்ளே ராடு | காந்த ராடு (காந்தத்தால் தானே நீளும் ராடு) மட்டும் |
|---|---|---|---|
| மூட்டு அசைவு | தொடையில் கஷ்டம், கீழ்க்காலில் சமாளிக்கலாம் | ரிங் உள்ளவரை கஷ்டம், பிறகு எளிது | மூன்றிலும் மேல் |
| எடை வைப்பது | பெரும்பாலும் ஆரம்பத்திலிருந்தே | பகுதியளவு, பிறகு கூட்டலாம் | புது எலும்பு கெட்டிப்படும்வரை கட்டுப்பாடு |
| 5 செ.மீ.க்கு வெளிக் கருவி இருக்கும் காலம் | சுமார் 5 முதல் 8 மாதம் | சுமார் 2 முதல் 3 மாதம் | இல்லை |
| பின்னால் இன்னொரு பெரிய அறுவை | தேவையில்லை | ராடை எடுக்க | ராடை எடுக்க |
| பெரிய பயம் | மூட்டு இறுகுதல், கழற்றியபின் முறிவு | ராடு வரை பரவும் சீழ் | கருவி பழுது, எடை மீறினால் வளைவு |
| செலவு | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் |

## ரிங் மட்டும்

முழங்காலுக்குக் கீழே காலைச் சுற்றி மூன்று நான்கு உலோக வளையங்கள். அவற்றிலிருந்து தோலையும் சதையையும் துளைத்து எலும்புக்குள் போகும் கம்பிகள். வளையங்களை இணைக்கும் மரையாணியை ஒரு முழுச் சுற்றுத் திருகினால் 1 மி.மீ.; கால் சுற்று என்றால் கால் மில்லிமீட்டர். வீட்டிலேயே ஸ்பானரை வைத்துத் திருகிக்கொள்ளலாம்.

விளையாடுபவர் கண்ணோட்டத்தில் இதற்குப் பெரிய பலம், காலை ஊன்றி நடக்கலாம் என்பது. நடக்க நடக்கத்தான் புது எலும்பு கெட்டிப்படும். எலும்பு வளைந்தோ திருகியோ சேர்ந்திருந்தால் நீட்டும்போதே அதையும் நேராக்கலாம். நரம்பில் மரத்துப்போகும் உணர்வு வந்தால் வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்தலாம், கொஞ்சம் பின்னாலும் வரலாம். பாதத்துக்கும் ஒரு வளையம் போட்டு, குதிகால் மேலே தூக்கிக்கொள்ளாமல் பிடித்து வைக்கலாம். கழற்றிவிட்டால் உடம்புக்குள் ஒரு துண்டு உலோகமும் மிச்சமில்லை. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு முனையிலிருக்கும் வளர்ச்சித் தட்டைத் தொடாமல் செய்ய முடிவதும் இதில்தான்.

விலை என்னவென்றால், ஒவ்வொரு கம்பியும் சதையை எலும்போடு சேர்த்து ஆணியடித்ததுபோல் பிடித்துவைக்கிறது. கீழ்க்காலில் முன்பக்கம் சதை குறைவு என்பதால் பரவாயில்லை. தொடையில் முழங்காலை மடக்கும் ஒவ்வொரு முறையும் சதை கம்பியில் இழுபட்டு வலிக்கும். வலிக்கு பயந்து மடக்காமல் விட்டால் தொடைத்தசை ஒட்டிக்கொள்ளும்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ராத்திரி வலி தாங்காமல் பலரும் முழங்காலுக்கு அடியில் தலையணையை வைத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மடங்கிய நிலையிலேயே பின்தொடைத் தசை இறுகி, கொஞ்ச நாளில் முழங்கால் நேராக நீள மறுக்கும். நேராக நீளாத முழங்காலை வைத்துக்கொண்டு ஓடவே முடியாது. தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் நின்று தன் எடையிலேயே நேராகும். பாதத்தின் முன்பகுதியில் ஒரு துண்டைப் போட்டு இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துப் பிடிப்பதையும் இதோடு சேர்த்து, நாளெல்லாம் பல தடவை செய்ய வேண்டும்.

கம்பி நுழையும் இடங்களில் அவ்வப்போது சிவந்து நீர் வடிவது ஏறக்குறைய எல்லோருக்கும் நடக்கும். சுத்தம் செய்வதிலும் மாத்திரையிலும் பெரும்பாலும் அடங்கிவிடும். ரிங்கைக் கழற்றியபின் வரும் சில வாரங்களில்தான் உண்மையான ஆபத்து. தாங்கிக்கொண்டிருந்த சட்டம் போய்விட்டது, கால் லேசாகிவிட்டது, உற்சாகம் வேறு. புது எலும்பு முறிவது அப்போதுதான். கழற்றிய அடுத்த மாதமே மைதானத்துக்குப் போகக்கூடாது.

## ரிங்கும் ராடும் சேர்த்து

உள்ளே சாதாரண ராடைப் போட்டு, வெளியே ரிங்கை வைத்து நீட்டிவிட்டு, வேண்டிய நீளம் வந்ததும் ராடைப் பூட்டி ரிங்கைக் கழற்றிவிடுவது. புது எலும்பு கெட்டிப்படும் நீண்ட மாதங்களை ராடு பார்த்துக்கொள்ளும். ரிங் இருக்கும் காலம் பாதிக்கும் கீழே வந்துவிடும், செலவும் காந்த ராடு அளவுக்கு ஏறாது. அதனால்தான் நிறைய பேருக்கு இது பிடிக்கிறது.

எனக்கு இதில் ஒரு பயம் உண்டு. வெளிக்கம்பிக்கும் உள்ராடுக்கும் இடைவெளி கொஞ்சம்தான். கம்பி வழியாக வரும் சீழ் ராடைத் தொட்டுவிட்டால் மஜ்ஜை முழுக்கப் பரவும்; ராடையே எடுக்க வேண்டி வரலாம், ஒரு வருடம் போய்விடும். இந்த முறையை எடுப்பவர்கள் கம்பி வாயைச் சுத்தம் செய்வதில் மற்றவர்களைவிடக் கறாராக இருக்க வேண்டும். சர்க்கரை நோய் இருந்தாலோ, சிகரெட் பழக்கம் இருந்தாலோ இரண்டு தடவை யோசியுங்கள். புகைப்பவருக்குப் புது எலும்பு உருவாவதே தாமதமாகும்.

## காந்த ராடு

ராடுக்குள்ளேயே ஒரு காந்தமும் பல்சக்கரங்களும் இருக்கும். தோலுக்கு மேல் குறியிட்ட இடத்தில் ஒரு ரிமோட் கருவியை வைத்தால், அதிலிருக்கும் காந்தம் சுழன்று உள்ளிருக்கும் காந்தத்தைச் சுழற்றி, ராடு கால் மில்லிமீட்டர் நீளும். அமெரிக்காவில் 2011இல் அனுமதி பெற்ற ப்ரிசைஸ் என்ற ராடு இவ்வகைதான். திசையை மாற்றினால் பின்னாலும் வரும். இதற்கு முன்னிருந்த, காலைத் திருகினால் நீளும் வகை ராடுகளில் பின்வாங்கும் வசதி கிடையாது. சில நேரம் வேண்டியதைவிட வேகமாக நீண்டும்விடும்.

சதையை எதுவும் துளைப்பதில்லை என்பதால் முதல் வாரத்திலிருந்தே முழங்காலை மடக்கி நீட்ட முடிகிறது. தொடை எலும்பு என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதன் பக்கம் நிற்பேன்.

ஆனால் ராடு முழு எடையைத் தாங்காது. பருமனைப் பொறுத்து சுமார் 14 முதல் 34 கிலோவரைதான் ஒரு காலில் வைக்கலாம். எவ்வளவு அழுத்தினால் 20 கிலோ என்று காலுக்குத் தெரியாது. அதனால் எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, ஊன்றுகோலைப் பிடித்தபடி அந்தக் காலால் அழுத்தி, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழக வேண்டும். இரண்டு காலையும் ஒரே நேரத்தில் நீட்டியவருக்கு நல்ல கால் என்று ஒன்றுமில்லை. சில மாதம் வீல்சேரும் வாக்கரும்தான். அந்த மாதங்களில் கரையும் தொடைத்தசையைத் திரும்பக் கொண்டுவர அதைவிட அதிக காலம் பிடிக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்க 2018இல் ஸ்ட்ரைட் என்ற முழு எடை தாங்கும் ராடு வந்தது. பலரும் சீக்கிரமே நடந்தார்கள். பிறகு ராடின் இணைப்பில் துருவும் அதையொட்டி எலும்பில் மாற்றமும் தெரியவர, 2021இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. புதிதாக வரும் எதையும் உங்கள் காலில் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் வேறு சில செலவுகளும் உண்டு. ராடு உள்ளே இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது, நடுவில் முழங்கால் சவ்வு கிழிந்தால் கண்டுபிடிப்பதே சிரமம். ராடு நுழையும் வழியும் விளையாட்டைப் பாதிக்கும். கீழ்க்கால் எலும்புக்கு முழங்கால் சில்லுக்குக் கீழிருக்கும் நாண் வழியாகப் போவதால், பிறகு மண்டியிடும்போதும் தாவி இறங்கும்போதும் முன்பக்கம் வலிக்கலாம். தொடைக்கு இடுப்புப் பக்கமிருந்து போட்டால் இடுப்பை நிலையாகப் பிடிக்கும் தசை பலவீனப்பட்டு, நடையில் ஆட்டம் தெரியும். எந்தப் பக்கமிருந்து போடப்போகிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றிரண்டு வருடத்தில் ராடை எடுத்தாக வேண்டும். எடுத்தபிறகு சில வாரம் ஓட்டமும் தாவலும் கூடாது. அந்த வருடத்துப் போட்டிகளை முன்கூட்டியே விட்டுவிடுங்கள்.

## தொடையா, கீழ்க்காலா

இதற்கு எல்லோருக்கும் தெரிவு இருக்காது. எந்த எலும்பு குட்டையோ அதைத்தான் நீட்டுவார்கள். உயரத்துக்காகச் செய்பவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி, அவர்களுக்கு என் பதில் தொடை.

சுற்றிலும் சதையும் ரத்த ஓட்டமும் இருப்பதால் தொடை எலும்பு சீக்கிரம் கூடுகிறது. முழங்கால் விறைப்பு, வெளித்தொடைப் பட்டை இறுகி இடுப்பு முன்சாய்ந்து வாத்துபோல நடப்பது ஆகியவை தொல்லைகள். ராடின் வழியே நீட்டும்போது காலின் எடை விழும் கோடும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் 1 மி.மீ. வெளிப்பக்கம் நகரும். ஏற்கெனவே முழங்கால் உள்பக்கம் முட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கீழ்க்காலில் பிரச்சினை கெண்டைச்சதையும் குதிநாணும். ஓட்டத்திலும் தாவலிலும் நம்மை முன்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங் அதுதான். எலும்பு நீள நீள அது இறுகிக் குதிகாலைத் தரையிலிருந்து தூக்கிவிடும். கட்டுக்குள் வராவிட்டால் குதிநாணை வெட்டி நீட்டுகிறார்கள். பாதம் தரையில் படிந்துவிடும், நடக்கலாம். உந்தும் பலம் மட்டும் நிரந்தரமாகக் குறைந்துபோகலாம். ஓட்டக்காரருக்கும் வாலிபால் ஆடுபவருக்கும் இதைவிடப் பெரிய இழப்பு கிடையாது. நாளைக்கு 1 மி.மீ. என்பதை முக்கால் மில்லிமீட்டராகக் குறைத்து, நாணை வெட்டாமல் முடிக்க முடியுமா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

## எத்தனை சென்டிமீட்டர்

விளையாட வேண்டும் என்றால் ஒரு எலும்பில் 5 செ.மீ.யைத் தாண்டாதீர்கள் என்பேன். எலும்பின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்க நெருங்கச் சிக்கல்கள் பெருகுகின்றன. கருவி 8 செ.மீ. நீளும் என்பது கருவியின் திறன். உங்கள் தசைக்கு அது தெரியாது.

உயரம் கூடினால் வாலிபாலில், பாஸ்கெட்பாலில் முன்னேறலாம் என்று நினைக்கும் பையன்களுக்கு ஒரு கணக்கு. கை எட்டும் உயரத்தோடு தாவும் உயரத்தையும் கூட்டினால் வருவதுதான் வலைக்கு மேலே உங்கள் உயரம். 5 செ.மீ. நீட்டி, தாவலில் 5 செ.மீ. குறைந்தால் வரவு பூஜ்யம். கூடவே வேகம் போயிருக்கும், ஆடும் வயதில் ஒன்றரை வருடம் போயிருக்கும். விளையாட்டில் முன்னேற இந்த அறுவையைச் செய்துகொள்ளாதீர்கள் தம்பி.

## நீட்டாமலே சமாளிப்பது

2 செ.மீ.க்குள் வித்தியாசம் என்றால் ஷூவுக்குள் தடிமன் வைத்தே பெரும்பாலோர் நன்றாக ஓடுகிறார்கள். வளர்ந்து முடியும்போது வித்தியாசம் 2 முதல் 5 செ.மீ.வரை இருக்கும் என்று கணித்த பிள்ளைக்கு நீளமான காலின் வளர்ச்சித் தட்டை நிறுத்தி, குட்டைக் கால் எட்டிப்பிடிக்க விடலாம். தொடையின் கீழ்முனையில் வருடத்துக்கு சுமார் 1 செ.மீ., கீழ்க்காலின் மேல்முனையில் சுமார் 6 மி.மீ. வளர்ச்சி. பெண்பிள்ளைகளுக்கு 14 வயதுபோலவும் பையன்களுக்கு 16 போலவும் அது நின்றுவிடும். சின்ன அறுவை, சில வாரங்களில் விளையாட்டு. மொத்த உயரத்தில் கொஞ்சம் குறையும். சரியான வயதைத் தவறவிட்டால் பலனில்லை. விளையாடும் பிள்ளைக்கு, காலம் கடக்கவில்லை என்றால், நான் முதலில் விசாரிக்கச் சொல்வது இதைத்தான்.

பாரா விளையாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தடகளத்தில் கால் நீள வித்தியாசம் என்ற பிரிவில் தகுதி பெற குறைந்தது 7 செ.மீ. வேண்டும். நீட்டிக்கொண்டால் தகுதி போகலாம். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கிய சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். கால்கள் சமமாவது ஒன்றுதான் மைதானத்துக்கு வழி என்று இல்லை.

## அப்படியானால் யாருக்கு எது

விபத்தில் கீழ்க்கால் எலும்பு வளைந்து குட்டையாகி, பழைய சீழும் இருந்தால் ரிங். வளரும் பிள்ளைக்கு நீட்டியே ஆக வேண்டுமென்றாலும் ரிங். வளர்ச்சி முடிந்தவருக்கு நேரான தொடை எலும்பு, பணத்துக்கும் வழியிருக்கிறது, எடைக் கட்டுப்பாட்டைச் சொன்னபடி கேட்பார் என்றால் காந்த ராடு. அதே தொடை, பணம் இடம் கொடுக்கவில்லை, வீட்டில் சுத்தமாகப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்றால் ரிங்கும் ராடும். பிசியோதெரபிக்கு வாரம் பல தடவை போக வழியில்லாத ஊரில் இருப்பவர், கருவியில் மிச்சம் பிடித்தாவது சிகிச்சை மையத்துக்குப் பக்கத்தில் சில மாதம் வாடகைக்குத் தங்குவது நல்லது. விலை உயர்ந்த ராடும் இறுகிப்போன முழங்காலும் சேர்ந்து யாருக்கும் உதவாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் திரும்பும் வரிசை ஒன்றே. தோலில் கம்பித் துளைகள் ஆறியபின் நீச்சல், சைக்கிள். எக்ஸ்ரேயில் புது எலும்பின் நான்கு பக்கச் சுவரில் குறைந்தது மூன்று கெட்டிப்பட்டபின் ஊன்றுகோல் இல்லாத நடை. பிறகு மெதுவோட்டம், தாவலும் சட்டென்று திரும்புவதும் கடைசி. கபடி, கால்பந்துபோல உடம்போடு உடம்பு மோதும் ஆட்டங்களுக்குப் பொதுவாக ஒரு வருடத்துக்கு மேல், ராடு இருந்தால் அதை எடுத்தபிறகு.

தேறிவிட்டோமா என்று பார்க்க, ஒற்றைக்காலில் நொண்டியடித்துத் தாவும் தூரத்தை மற்ற காலோடு ஒப்பிடுவார்கள். பத்தில் ஒன்பது பங்காவது வர வேண்டும். இரண்டு காலையும் நீட்டியவருக்கு ஒப்பிட எதுவுமில்லை. அதனால் அறுவைக்கு முந்தைய வாரமே எல்லாவற்றையும் அளந்து எழுதி வையுங்கள்: ஒற்றைக்காலில் எத்தனை முறை குதிகாலைத் தூக்க முடிகிறது, நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் தாவுகிறீர்கள், 30 மீட்டர் ஓட எத்தனை விநாடி. பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் ஓடுவதை போனில் வீடியோவாக எடுத்து வையுங்கள். அப்புறம் டாக்டரிடம் கேளுங்கள்: "முழங்கால் மடங்குவது எந்த அளவுக்குக் குறைந்தால் நீட்டுவதை நிறுத்துவீர்கள்?"